கராஜ் சேலும் அம்மாவோட கிரைண்டரும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. நடுவுல வேலை போச்சு, வீடு மாறியாச்சு, நாடே மாறியாச்சு. எல்லாத்தையும் எழுதினா ஒப்பாரி மாதிரி இருக்கும். அதனால ஒரு சனிக்கிழமை காலையில நான் வியாபாரி ஆன கதையை மட்டும் சொல்றேன்.

2024 ஏப்ரல். அமெரிக்காவுல, டாலஸ் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல வாடகை வீட்டுல இருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை பதினஞ்சு நிமிஷ மீட்டிங்ல "உங்க பொசிஷன் இனிமே இல்லை"ன்னு சொல்லிட்டாங்க. மத்தியானத்துக்குள்ள லேப்டாப்புல லாகின் ஆகல. எச்1பி-ல இருக்கறவங்களுக்கு இது தெரியும். வேலை போனா அதிகபட்சம் 60 நாள் டைம், 2017 ஜனவரியில அமலுக்கு வந்த விதி. அதுக்குள்ள வேற கம்பெனி நமக்காக மனு போடணும், இல்லைன்னா விசா வகையை மாத்தணும், இல்லைன்னா பொட்டியைக் கட்டணும். முப்பது நாள் விடாம இண்டர்வியூ குடுத்தேன். முப்பத்தொண்ணாவது நாள் ராத்திரி தங்கமணி சொன்னாங்க: "போதுங்க. ஊருக்கே போயிரலாம்."

முடிவு பண்ணின நிம்மதியில கராஜ் கதவைத் திறந்தேன். பகீர்னுச்சு. அஞ்சு வருஷத்துல ரெண்டு பேர் இவ்வளவு பொருள் சேர்க்க முடியுமா? துணி காயப்போட மட்டுமே பயன்பட்ட டிரெட்மில். ரெண்டு சைக்கிள். மூணு டேபிள் லேம்ப். ஊருக்குப் போன நண்பர்கள் ஒவ்வொருத்தரா "வச்சுக்கோ மச்சி"ன்னு தள்ளிட்டுப் போன சாமான். கார் மட்டும் ஒரு நாளும் அந்த கராஜ்ல நின்னது கிடையாது.

ஃப்ளைட்ல ஆளுக்கு ரெண்டு பொட்டி, ஒவ்வொண்ணும் 23 கிலோ. அவ்வளவுதான். மிக்ஸி, மைக்ரோவேவ், வாக்குவம் கிளீனர் எல்லாமே 110 வோல்ட் சமாச்சாரம். நம்ம ஊர் 230 வோல்ட்ல சொருகினா புகைதான் வரும். ஆக, விக்கணும்.

அப்பதான் பக்கத்து வீட்டுப் பாட்டி களத்துல இறங்கினாங்க. ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர். கராஜ் சேல்னா அவங்களுக்குத் திருவிழா மாதிரி. அங்க '127 யார்டு சேல்'னு ஒண்ணு நடக்குது. 1987-ல ஆரம்பிச்சது. மிச்சிகன்ல அடிசன்லேர்ந்து அலபாமாவுல கேட்ஸ்டன் வரைக்கும் 690 மைல், ஆறு மாநிலம். ஆகஸ்ட் மாசம் நாலு நாள் ரோட்டோரம் பூரா கடை விரிச்சிருப்பாங்க. பாட்டி தாத்தாவோட அதுல ஒரு தடவை முழு தூரமும் போயிருக்காங்களாம். அவங்க எனக்கு எடுத்த கிளாஸை அப்படியே தர்றேன்.

முதல் பாடம், தேதி. "மே கடைசி வாரம் மெமோரியல் டே லீவு, எல்லாரும் ஊர் சுத்தப் போயிருவாங்க. மே 18 வை. பதினஞ்சாம் தேதி நிறையப் பேருக்குச் சம்பளம் வந்திருக்கும்." இன்ஜினியரிங் நாலு வருஷம் படிச்சும் இந்த அறிவு நமக்கு வரலையே!

ரெண்டாவது, அனுமதி. அங்க நிறைய ஊர்கள்ல கராஜ் சேலுக்கு நகராட்சியில பெர்மிட் வாங்கணும். வருஷத்துக்கு இத்தனை தடவைதான்னு கணக்கு வேற உண்டு. விளக்குக் கம்பத்துல போர்டு கட்டினா அபராதம். தரையில குத்தற போர்டுதான் வைக்கணும், அதையும் சேல் முடிஞ்ச அன்னைக்கே பிடுங்கிரணும். போர்டுல கவிதை எல்லாம் எழுதக்கூடாது. 'சேல்'ங்கற வார்த்தை, தேதி, ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். 40 மைல் வேகத்துல போறவன் கண்ணுல படணும்ல?

மூணாவது, எதை விக்கக்கூடாதுங்கறது. கராஜ் மூலையில ஒரு குழந்தைத் தொட்டில் கிடந்துச்சு. மூணு தமிழ்க் குடும்பம் கைமாறி எங்ககிட்ட வந்து சேர்ந்தது. அம்பது டாலராவது தேறும்னு நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். பாட்டி வந்தாங்க, பக்கவாட்டுச் சட்டத்தைப் பிடிச்சு ஆட்டினாங்க, அது சர்ருனு கீழே இறங்குச்சு. "இதை விக்கக்கூடாது ஹனி." ஒரு பக்கம் இறங்கற மாதிரியான அந்தத் தொட்டில்கள்ல சட்டம் கழண்டு, இடுக்குல மாட்டிக் குழந்தைகள் செத்துப்போயிருக்கு. 2011 ஜூன் 28-லேர்ந்து அமெரிக்காவுல அதைத் தயாரிக்கவும் கூடாது, விக்கவும் கூடாது. நம்ம வீட்டு வாசல்ல விக்கறதுக்கும் அதே சட்டம்தான். திரும்பப் பெறப்பட்ட பொருள்கள் பட்டியல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட தளத்துல இருக்கு, விக்கறதுக்கு முன்னாடி ஒரு நடை பாத்துருங்க. தொட்டிலை யாரும் எடுத்து மறுபடி மாட்டிரக் கூடாதுன்னு பாகம் பாகமா உடைச்சுக் குப்பையில போட்டோம். உடைக்கும்போது தங்கமணி ஒண்ணும் பேசல. நானும் பேசல.

நாலாவது பாடம்தான் கஷ்டமானது. விலை. நான் சாஃப்ட்வேர்க்காரன் இல்லையா, எக்ஸெல் ஷீட் போட்டேன். வாங்கின விலை, வாங்கின வருஷம், தேய்மானம்னு ஃபார்முலா எல்லாம் எழுதினேன். பாட்டி அதைப் பாத்துட்டுச் சிரிச்சாங்க. "நீ எவ்வளவுக்கு வாங்கினேங்கறது வர்றவனுக்கு எதுக்கு? அவனுக்கு அது எவ்வளவுக்கு உபயோகம்னு பாரு." புது விலையில பத்துல ஒரு பங்கு, மிஞ்சிப் போனா மூணுல ஒரு பங்கு. 600 டாலர் சோஃபா 80. நாலு சேரோட டைனிங் டேபிள் 60. டிரெட்மில் 50. ஒவ்வொண்ணுலயும் ஸ்டிக்கர் ஒட்டணும். விலை ஒட்டாத பொருளைப் பாதிப்பேர் கேக்க மாட்டாங்க, எடுத்த இடத்துலயே வச்சுட்டுப் போயிருவாங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் நான் ஒட்டல. கிரைண்டர்.

2022-ல அம்மா ஆறு மாசம் வந்து இருந்தாங்க. மிக்ஸியில அரைச்ச மாவைத் தொட்டுப் பாத்துட்டு, "இதுல இட்லி ஊத்தினா எறிஞ்சு விளையாடலாம்டா"ன்னாங்க. வழிச் செலவுக்குன்னு மாத்தி எடுத்துட்டு வந்த 200 டாலரைச் செலவே பண்ணாம முடிஞ்சு வச்சிருந்தாங்க. அதை எடுத்து நீட்டி வாங்க வச்சதுதான் அந்த டேபிள் டாப் கிரைண்டர். கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு தெரியுமான்னு அன்னைக்கு நான் அம்மாகிட்ட அளந்து விட்டேன். "குறியீடு கெடக்கட்டும், உளுந்தை ஊறப்போடு"ன்னாங்க. பாட்டிக்கும் அம்மாவுக்கும் பொது மொழி கிடையாது. ஆனா வேலிக்கு மேல இட்லியும் எலுமிச்சை கேக்கும் ஆறு மாசம் போயிட்டும் வந்துட்டும் இருந்துச்சு.

இன்னொரு விஷயம். வேலை போனதை அம்மாகிட்ட நான் சொல்லல. "லீவுக்கு வர்றோம்"னுதான் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை ஏழு மணின்னு போர்டுல போட்டிருந்தோம். ஆறேகாலுக்கே மூணு பேர் வந்து நிக்கறாங்க! இவங்கல்லாம் வாங்கி விக்கற ஆளுங்களாம், அவசரப்பட்டு விலையைக் குறைச்சிராதேன்னு பாட்டி கண்ணைக் காட்டினாங்க. அந்த ஊர்ல பாதி வீட்டுக்கு கராஜ் பின்பக்கச் சந்துல இருக்கும், எங்க வீட்டுக்கும் அப்படித்தான். அதனால எல்லாத்தையும் முன்பக்கப் புல்தரைக்குத் தூக்கிட்டு வந்திருந்தோம். சைக்கிள், டூல்ஸ் எல்லாம் ரோட்டை ஒட்டி (காரை நிறுத்த வைக்கறதே அதுதானாம்), துணி ஹேங்கர்ல, கரண்ட் சாமானை ஓட்டிக் காட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். சில்லறையா நாப்பது ஒரு டாலர் நோட்டு, கொஞ்சம் அஞ்சு டாலர், ஒரு ரோல் குவார்ட்டர். பணத்தை டப்பாவுல வைக்காம இடுப்புப் பையில வச்சுக்கிட்டேன். ஒருத்தர் ரெண்டு டாலர் பாத்திரத்துக்கு நூறு டாலர் நோட்டை நீட்டினார். பணிவா "சில்லறை இல்லைங்க"ன்னுட்டேன். இதுவும் பாட்டி டிரெயினிங்தான்.

எட்டரைக்குள்ள சோஃபா போச்சு, டேபிள் போச்சு, டிரெட்மில்லை ரெண்டு பசங்க தள்ளிட்டுப் போனாங்க. அவங்களும் துணிதான் காயப்போடுவாங்கன்னு நினைக்கறேன்.

ஒன்பதரை மணிக்கு ஒரு தாடிக்காரத் தம்பி வந்தார். நேரா கிரைண்டர்கிட்ட போய் மூடியைத் திறந்து, கல்லை விரலால தடவிப் பாத்தார். எனக்கு ஆச்சரியம். "இது என்னன்னு தெரியுமா?"ன்னேன். "தெரியுமே! சாக்லேட் செய்யற மெஷின்!"

நான் முழிச்சேன். அவர் வீட்டுலயே கொக்கோ கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, சாக்லேட் பண்றவராம். வறுத்த பருப்பைக் கருங்கல்லுல இருபத்தி நாலு மணி நேரத்துக்கு மேல ஓட விட்டாத்தான் நாக்குல நறநறங்காம வழவழன்னு வருமாம். சின்ன அளவுல சாக்லேட் பண்ற நிறையப் பேர் நம்ம ஊர் கிரைண்டரைத்தான் பிடிச்சுக்கறாங்களாம். விலை கேட்டார்.

"நூத்தம்பது"ன்னேன். வாய் தானா சொல்லிருச்சு. அவர் மூடியை மெதுவா மூடினார். தங்கமணி என்னைப் பாத்தாங்க. சேர்ல உக்காந்திருந்த பாட்டி எந்திரிக்காமலே சொன்னாங்க: "அது உங்கம்மாவுக்கான விலை. அந்தப் பையனுக்கான விலையைச் சொல்லு."

அறுபதுக்குக் குடுத்தேன். கல்லை எப்படிக் கழட்டணும், எப்படிக் கழுவணும், பெல்ட் லூஸானா என்ன பண்ணணும்னு அம்மா எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். கார் டிக்கியில வச்சு, ஒரு டவலைச் சுத்தி, குழந்தையைக் கொண்டு போற மாதிரி கொண்டு போனார்.

கடைசி ஒரு மணி நேரம் எல்லாம் பாதி விலை. பதினோரு மணிக்கு மூடினோம். மொத்தம் 618 டாலர். வாங்கின விலைக்குக் கீழே வித்தா வரியும் கிடையாது, அந்த நஷ்டத்தைக் கணக்குல கழிச்சுக்கவும் முடியாது. மிச்சத்தை அன்னைக்கே காருல ஏத்தி நன்கொடைக் கடையில எறக்கிட்டோம். திரும்ப வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போனா அது போகவே போகாது.

காலிப் புல்தரையில உக்காந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்க ராத்திரி பத்தரை இருக்கும். "அம்மா, கிரைண்டரை வித்துட்டேன்"னு ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல. வேலை, விசா, அறுபது நாள், எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "எவ்வளவுக்குப் போச்சு?"

"அறுபது."

"பரவால்லயே, நல்ல விலைதான். அது கெடக்கு, இங்க ஒண்ணு இருக்குல்ல. எப்ப வர்றீங்கன்னு சொல்லு, மாவு ஆட்டி வைக்கறேன்."

ஒன்றரை மாசமா நெஞ்சுல வச்சிருந்ததுக்கு நான் போட்டிருந்த விலை ரொம்ப ஜாஸ்தின்னு அப்பதான் புரிஞ்சுது.

டிஸ்கி: கிளம்பற அன்னைக்குப் பாட்டி ஒரு சின்ன டப்பா குடுத்தாங்க. அந்தத் தாடிக்காரர் வந்து குடுத்துட்டுப் போனாராம். உள்ளே ரெண்டு துண்டு சாக்லேட். அம்மாவுக்குக் குடுத்தேன். வாயில போட்டுட்டு, "நல்லா அரைச்சிருக்கான்"னாங்க.