மதிலுக்கு அந்தப்பக்கம் யுரேனியம்

ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் குஷாய்குடா. ஈ.சி.ஐ.எல். சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஷேர் ஆட்டோக்கள், காய்கறி வண்டிகள், டீக்கடைகள். பக்கத்திலேயே நீண்ட மதிலுக்குப் பின்னால், 1971ல் உருவான அணு எரிபொருள் வளாகம். கல்பாக்கம் உலைகளுக்கான யுரேனிய எரிபொருள் தயாராவது இங்கேதான்.

தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த இந்த வட்டாரத்தில் யுரேனியம் என்றால் மாதச் சம்பளம். தெற்கே நல்லமலைக் காட்டிலோ அதற்கு அர்த்தமே வேறு. 2019ல் அம்ராபாத் புலிகள் காப்பகத்தின் 83 சதுர கிலோமீட்டரில் யுரேனியம் தேட மத்திய வனக் குழு கொள்கை அளவில் பச்சைக்கொடி காட்டியதும், செஞ்சு பழங்குடியினர் கொதித்தெழுந்தனர். 2017ல் நெடுவாசல் விவசாயிகள் எரிவாயுக் கிணறுகளை எதிர்த்துக் கேட்ட அதே கேள்விதான்: பூமியைத் துளைத்தால் தண்ணீர் என்னாகும்?

நல்லமலையை ஒட்டி ஓடும் கிருஷ்ணாதான் ஹைதராபாத்துக்கும் குடிநீர் தருகிறது. எனவே நகரமும் குரல் கொடுத்தது. 2019 செப்டம்பர் 16ல் தெலங்கானா சட்டசபை சுரங்கத்தை எதிர்த்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

காடு தப்பியது. ஆனால் குஷாய்குடா அருகே ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கான மூலப்பொருள் ஜார்கண்டின் ஜாதுகுடாவிலிருந்தும் ஆந்திராவின் தும்மலபள்ளியிலிருந்தும் வருகிறது. அந்த ஊர்களிலும் தண்ணீர் பற்றிய புகார்கள் உண்டு. அவற்றைக் கேட்க எந்தத் தலைநகரம் காது கொடுக்கும்?