சுரங்கம் மூடியது, பனித்தளம் ஓய்ந்தது... கண்ணாடியைக் கைவிடாத எல்லை ஊர்!

ஒரே இடத்தில் நின்றுகொண்டே நாடு மாறிய ரயில் நிலையம் ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. முதலில் அது ஜெர்மனியில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போலந்துக்குப் போனது. பிறகு செக்கோஸ்லோவாக்கியா. இப்போது செக் குடியரசு. நிலையம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. எல்லைக்கோடுதான் நகர்ந்தது!

அந்த நிலையத்தின் பெயர் ஹர்ராஹோவ். செக் குடியரசின் வட எல்லையில், கிர்கொனோஷே மலைத்தொடரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு ஊர். மக்கள்தொகை 1,500-க்கும் குறைவு. சுற்றிலும் ஊசியிலைக் காடு, நடுவே மும்லாவா ஆறு, மலையேறினால் அந்தப் பக்கம் போலந்து.

அழகான மலை ஊர்களுக்கு ஐரோப்பாவில் பஞ்சமில்லை. ஹர்ராஹோவின் கதை வேறு. கண்ணாடி, சுரங்கம், பனிச்சறுக்குத் தாண்டல் என மூன்று விஷயங்களால் பெயர் வாங்கிய ஊர் இது. அவற்றில் இரண்டு நின்றுபோய்விட்டன. மிஞ்சிய ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய விஷயம்.

காட்டைத் தின்ற கண்ணாடி

மலை உச்சியில் போய் ஏன் கண்ணாடித் தொழிற்சாலை கட்டினார்கள்? உடையும் பொருளை மலைப்பாதையில் இறக்கிக் கொண்டுவருவது புத்திசாலித்தனமா?

இதற்குப் பதில் காட்டில் இருக்கிறது. கண்ணாடிக்கு முக்கியமாக வேண்டியவை மூன்று. மணல் அல்லது குவார்ட்ஸ் கல், அதை எளிதில் உருகவைக்கும் சாம்பல் உப்பு, கடுமையான நெருப்பு. அந்தக் காலத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் மரத்திலிருந்துதான் வந்தன. விறகு உலையில் எரிந்தது. மரத்தை எரித்த சாம்பலைக் கரைத்துக் காய்ச்சிப் பொட்டாஷ் எடுத்தார்கள். வண்டி வண்டியாக மரம் எரித்தால்தான் சிறிதளவு பொட்டாஷ் கிடைக்கும். எனவே, உலைக்குப் போன விறகுடன் சாம்பலுக்காகவும் ஏராளமான மரங்கள் விழுந்தன.

பக்கத்துக் காடு தீர்ந்ததும் உலையை இடித்துவிட்டு, இன்னும் மேலே இருக்கும் காட்டுக்குக் குடிபெயர்வார்கள். இப்படிக் காட்டைத் துரத்திக்கொண்டே மலையேறியதுதான் இந்தப் பகுதியின் கண்ணாடித் தொழில். எல்லைக்கு அந்தப் பக்கம் போலந்தில் இருக்கும் பக்கத்து ஊரின் பெயர் ஷ்க்லார்ஸ்கா போரெம்பா. கண்ணாடிக்காரர்கள் மரம் வெட்டித் திருத்திய இடம் என்பதுதான் அதன் பொருள். அந்த ஊரின் வரலாறு முழுவதும் பெயரிலேயே இருக்கிறது.

ஹர்ராஹோவின் கண்ணாடி ஆலை ஆவணங்களில் முதன்முதலில் தலைகாட்டுவது 1712-ல். செக் மண்ணின் மிகப் பழைமையான கண்ணாடி ஆலைகளில் ஒன்று. ஆலை இருக்கும் பகுதிக்கு நோவி ஸ்வ்யெட் என்று பெயர். தமிழில் 'புது உலகம்'. இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஹர்ராஹ் என்ற பிரபுக் குடும்பத்தினர். ஊருக்கும் அவர்கள் பெயரே வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் 'ஹர்ராஹ் கண்ணாடி' என்றால் ஐரோப்பிய மாளிகைகளில் தனி மதிப்பு. நிறம் ஏற்றிய, செதுக்கிய, பொன் பூசிய கிண்ணங்களும் பூச்சாடிகளும் இந்த மலையிலிருந்து இறங்கிப் பல நாடுகளுக்குப் போயின.

மூச்சுக்காற்றின் வேலை

கையால் கண்ணாடி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உலைக்குள் சுமார் 1,400 டிகிரி வெப்பம். நீண்ட இரும்புக் குழாயின் நுனியை உள்ளே விட்டுச் சுழற்றினால், கெட்டியான தேன்போல ஓர் உருண்டை ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சுழற்றுவதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். சுழற்றிக்கொண்டே ஊத வேண்டும். நனைத்த மர அச்சுக்குள் அதை இறக்கியதும் 'உஸ்ஸ்' என்று நீராவி கிளம்பும். அந்த நீராவிப் படலம் நடுவில் இருப்பதால்தான் கண்ணாடி மரத்தில் உரசாமல் பளபளப்பாக வெளியே வருகிறது.

அதோடு வேலை முடிந்துவிடாது. சூடான கண்ணாடியை அப்படியே வெளியில் வைத்தால் விரிசல் விடும். அதற்கென்று இருக்கும் சூட்டறையில் வைத்து, மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். பிறகு வெட்டுவார்கள், செதுக்குவார்கள், மெருகேற்றுவார்கள்.

ஹர்ராஹோவின் இன்னொரு பொக்கிஷம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த செதுக்குக்கூடம். இங்கே சக்கரங்களைச் சுற்றவைத்தது மின்சாரம் அல்ல, தண்ணீர். ஓடிவரும் நீர் டர்பைனைச் சுழற்றும். அதிலிருந்து நீண்ட அச்சுத்தண்டும் தோல் பட்டைகளும் வழியாக ஒவ்வொருவருடைய சக்கரத்துக்கும் விசை போகும்.

இந்த வேலைக்கும் பீருக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு. உலை முன்னால் நிற்பவர்களுக்கு வியர்வை ஆறாக ஓடும். இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்ட, போதை குறைந்த லேசான பீரைக் குடிப்பது பொஹீமியக் கண்ணாடிக்காரர்களின் வழக்கம். 1993-ல் நோவோசாட் குடும்பம் இந்த ஆலையை வாங்கியது. 2002-ல் ஆலை வளாகத்திலேயே சிறிய பீர் வடிப்பகம் வந்தது. அதன் உணவுக்கூடத்தில் அமர்ந்து, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஊதுபவர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம் என்ற ஏற்பாடும் வந்தது. போதாக்குறைக்கு பீர் குளியல் வேறு! உல்லாசப் பயணிகளுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஆலைக்கோ இது பிழைப்பு. இயந்திரம் நிமிடத்துக்குப் பல டம்ளர்களைத் துப்பும் காலத்தில், கையால் செய்யும் கோப்பையின் வருமானத்தை மட்டும் நம்பி உலையை எரிக்க முடியாது.

ஓடவைக்கும் கல்

ஊரின் இன்னொரு பக்கம் ரிஷோவிஷ்டே. அங்கே பூமிக்கு அடியில் கிடைத்தது ஃபுளோரைட் என்ற கனிமம். ஊதா, பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்களில் படிகமாக இருக்கும் அழகான கல். 'ஓடுதல்' என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உலோகத் தாதுவோடு சேர்த்துச் சூடாக்கினால், கசடை இளகி ஓடவைக்கும். புற ஊதா ஒளி பட்டால் சில ஃபுளோரைட் கற்கள் ஒளிரும். அந்த ஒளிர்வுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபுளோரசன்ஸ்' என்ற சொல்லே இந்தக் கல்லிலிருந்துதான் பிறந்தது.

1950-களில் தொடங்கிய ஃபுளோரைட் சுரங்கம் 1992-ல் மூடப்பட்டது. கம்யூனிச ஆட்சி முடிந்து, சந்தைப் பொருளாதாரம் வந்த காலம் அது. அந்த மாற்றத்தில் செக்கோஸ்லோவாக்கியாவில் பல சுரங்கங்கள் கதவைச் சாத்தின.

ஆனால், ஹர்ராஹோவ் தன் சுரங்கத்தை மறக்கவில்லை. இன்று அது அருங்காட்சியகம். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, வழிகாட்டியோடு சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம் சுரங்கப் பாதையில் நடக்கலாம். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஸ்வெட்டர் தேவைப்படும். சொட்டும் தண்ணீரும் இருட்டும் சேர்ந்து, தினமும் இங்கே இறங்கியவர்களின் வாழ்க்கையைக் கொஞ்சமாவது புரியவைக்கும்.

பேய் மலையிலிருந்து பறந்தவர்கள்

ஊரின் தலைக்கு மேல் நிற்பது செர்டோவா ஹோரா. 'பேய் மலை' என்று சொல்லலாம். உயரம் சுமார் 1,020 மீட்டர். இதன் சரிவில்தான் உலகின் மிகப்பெரிய பனிச்சறுக்குத் தாண்டல் தளங்களில் ஒன்றைக் கட்டினார்கள். வீரர்கள் உயரத்திலிருந்து சறுக்கிவந்து, விளிம்பில் எம்பி, 200 மீட்டர் வரை காற்றில் மிதந்துபோய் இறங்குவார்கள். இந்த அளவு பெரிய தளங்களில் நடப்பதை 'ஸ்கீ ஃபிளையிங்' என்றே சொல்கிறார்கள். அதாவது, பறத்தல்!

1983-ல் பாவெல் ப்ளோட்ஸ் இங்கே 181 மீட்டர் பறந்து உலக சாதனை படைத்தார். சொந்த மலையில், சொந்த நாட்டு ரசிகர்களுக்கு முன்னால் நிகழ்ந்த சாதனை. 1983, 1992, 2002, 2014 என நான்கு முறை உலக சாம்பியன்ஷிப் இங்கே நடந்தது. போட்டி நாள்களில் ஊரின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம் மலையடிவாரத்தில் திரளும்.

2014 போட்டியில் பலத்த காற்று வீசியதால், நான்கு சுற்றுகளுக்குப் பதில் இரண்டு மட்டுமே நடத்த முடிந்தது. அதன் பிறகு அந்தத் தளத்தில் உலகப் போட்டி எதுவும் நடக்கவில்லை. பராமரிப்பு இல்லாமல் தளம் சிதையத் தொடங்கியது. இவ்வளவு பெரிய கட்டுமானத்தைப் புதுப்பிக்க ஆகும் செலவு, ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் தாங்கும் செலவு அல்ல.

நகர்ந்த கோடு, நகர்த்தப்பட்ட மனிதர்கள்

முதலில் சொன்ன ரயில் நிலையத்துக்கு வருவோம். 1902-ல் திறக்கப்பட்ட இந்தப் பாதை, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசையும் பிரஷ்யாவையும் இணைத்தது. டன்வால்டு முதல் கொர்ஷெனோவ் வரை மலையேற்றம் கடினம். 1,000 மீட்டர் முன்னேறினால் 58 மீட்டர் மேலே ஏற வேண்டும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பட்டை வைத்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறும்படி அமைத்தார்கள். செக் குடியரசில் இத்தகைய பாதை இது ஒன்றுதான்.

போருக்குப் பிறகு நிலையம் இருந்த பகுதி போலந்துக்குப் போனது. எல்லை தாண்டிய ரயில் நின்றது. 1958-ல் இரு நாடுகளும் நிலப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்தன. நிலையம் செக்கோஸ்லோவாக்கியா பக்கம் வந்தது. பதிலுக்கு வேறு நிலம் போலந்துக்குப் போனது. எல்லையைத் தாண்டிப் பயணிகள் ரயில் மறுபடி ஓட 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோடு நகர்வதைவிட வலியானது மனிதர்கள் நகர்த்தப்படுவது. இந்த மலைப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் மொழி பேசியவர்கள். 'புது உலகம்' பகுதிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் நோய்வெல்ட். 1938-ல் ஹிட்லரின் ஜெர்மனி இந்தப் பகுதியைப் பிடுங்கிக்கொண்டது. 1945-ல் போர் முடிந்ததும் கணக்கு திருப்பித் தீர்க்கப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியா முழுவதிலுமிருந்து சுமார் 30 லட்சம் ஜெர்மன் மொழிக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

கண்ணாடி ஊதுவது புத்தகத்தில் படித்து வரும் வித்தை அல்ல. பக்கத்தில் நின்று பார்த்து, கை பழகி, சுட்டுக்கொண்டு வருவது. அப்படிப் பழகிய கைகள் ஒரே வருடத்தில் மூட்டை கட்டினால் என்ன ஆகும்? தொழில் தெரிந்த சிலரை நாட்டிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆலைகள் அரசுடைமையாயின. புதிதாக வந்து குடியேறியவர்கள் குழாயைக் கையில் எடுத்தார்கள். மொழி மாறியது, முதலாளி மாறினார், கொடி மாறியது. உருண்டையைச் சுழற்றும் விதம் மட்டும் மாறவில்லை.

இனி?

2022-ல் உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு விலை எகிறியபோது, செக் கண்ணாடி ஆலைகள் திணறிப்போயின. கண்ணாடி உலை வீட்டு அடுப்பு மாதிரி அல்ல. ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது. விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே ஒரு நல்ல செய்தியும் வந்தது. 2023 டிசம்பரில், கையால் கண்ணாடி செய்யும் அறிவையும் திறனையும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ பட்டியலிட்டது. செக் குடியரசோடு பிரான்ஸ், ஜெர்மனி, ஃபின்லாந்து, ஹங்கேரி, ஸ்பெயின் ஆகிய நாடுகளும் சேர்ந்து வாங்கிய அங்கீகாரம் அது.

ஆனால், பட்டியல் எரிவாயுக் கட்டணம் கட்டாது. அதைக் கட்ட வேண்டியது அந்தக் கோப்பையை வாங்குபவர்கள்தான். சுரங்கத்தை மூடிவிட்டு அருங்காட்சியகம் ஆக்க முடிந்தது. ஏனென்றால், பாறை எங்கும் போகாது. கைத்திறனை அப்படி அலமாரியில் பூட்டிவைக்க முடியாது. ஒரு தலைமுறை குழாயைக் கீழே வைத்தால், அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. 300 ஆண்டுகளுக்கும் மேலாக ஹர்ராஹோவ் காப்பாற்றி வந்திருப்பது அந்தச் சங்கிலியைத்தான்.

போக நினைப்பவர்களுக்கு...

* தலைநகர் ப்ராக்கிலிருந்து பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம். அவசரம் இல்லாதவர்கள் லிபெரெட்ஸ், டன்வால்டு வழியாக மலை ரயிலில் வரலாம். இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

* மும்லாவா அருவி ஊரிலிருந்து நடக்கும் தூரம். உயரம் பத்து மீட்டருக்குள்தான். ஆனால், நீர் சுழன்று சுழன்று பாறையில் குடைந்த குழிகள் பார்க்க வேண்டியவை. 'பேயின் கண்கள்' என்று ஊரார் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

* கால்களில் தெம்பு இருந்தால், அருவியைத் தாண்டி மேலே ஏறினால் எல்பே நதி பிறக்கும் இடத்துக்கே போகலாம். இங்கே ஊற்றாகத் தொடங்கும் நதிதான் ஜெர்மனி வழியாக ஹம்பர்க் நகரைத் தொட்டு, வட கடலில் கலக்கிறது. போய்த் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும்.

* பனிச்சறுக்கு விளையாட ஜனவரி, பிப்ரவரி ஏற்ற மாதங்கள். நடைப்பயணத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை.

* திரும்பும்போது பெட்டியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பைக்கு இடம் வையுங்கள். துணியில் நன்றாகச் சுற்றி எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அடியில் ஒரு குட்டிக் காற்றுக்குமிழி தெரியலாம். அதைக் குறை என்று நினைக்காதீர்கள். அது கையால் செய்த பொருளின் அடையாளம்.