வாளியில் உறைந்த பால்

ரப்பர்ப் பால் வாளியிலேயே திரைந்துபோவது தோட்டத்திற் பிறந்தவர்க்குப் புதிதன்று. எனக்கு ஒன்பது வயதிருக்கும். மழை விட்ட ஒரு காலையில், என் தாயாரின் இரண்டு வாளிப் பாலும் நிறுவைக் கொட்டகையை அடையுமுன்பே தயிர்போல் உறைந்துவிட்டது. “வாளியைக் கழுவாமற் கொண்டுவந்தாய்” என்றார் நிறுப்பவர். அன்றைய கூலியிற் பாதி போயிற்று. பக்கத்தில் நின்ற கங்காணியார், “இறுக்கிப் பிடித்தாற்றான் ஒழுங்கு வரும்” என்றார். தாயார் மறுமொழி கூறவில்லை. இரவில் வாளிகளைச் சாம்பலிட்டு மும்முறை தேய்த்தார். முதல்நாள் இரவும் அப்படித்தான் தேய்த்தார் என்பதை நான் கண்ணாற் கண்டவன்.

பிற்காலத்தில் நான் பள்ளியாசிரியனாகி, கங்காணியாரின் அந்த வாக்கியத்தையே முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் சொல்லிவந்தேன் என்பதை ஒளிப்பானேன்? அதை ஐயுறச் செய்தது, ஓய்வுபெற்றபின் படித்த இரசாயன நூல்கள்.

பால் என்பது நீரில் மிதக்கும் ரப்பர்த் துளிகள். ஒவ்வொரு துளியையும் புரதமும் கொழுப்புப் பொருளும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அவ்வுறையிலுள்ள எதிர்மின்னூட்டம் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்குகிறது. புளிப்பு ஏறினால் அந்த விலக்கம் அழியும். துளிகள் கூடிக் கட்டியாகும். கொட்டகைத் தொட்டியில் ஃபார்மிக் அமிலம் விட்டு மனிதர் வேண்டுமென்றே செய்வதை, மரப்பட்டையைக் கழுவிவந்த மழைநீரும் நுண்ணுயிர்களும் வாளியில் முன்கூட்டியே செய்துவிட்டன. தொட்டியில் நடந்தால் தொழில்; வாளியில் நடந்தால் குற்றம்!

நிற்க. கட்டியாவது வேறு, ஒழுங்காவது வேறு. ரப்பரின் மூலக்கூறு ஒவ்வொன்றும், ஐசோப்ரீன் என்னும் சிறு கண்ணி ஆயிரக்கணக்கிற் கோத்த நெடுஞ்சங்கிலி. சும்மா கிடக்கும்போது அது சிக்குண்ட நூற்பந்துபோற் சுருண்டு, ஓயாது அசைந்துகொண்டிருக்கும். சுருண்டு கிடக்க வழிகள் எண்ணிறந்தன. நீண்டு கிடக்கவோ வழிகள் மிகச் சில. இழுத்த ரப்பர் மீளச் சுருங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

வாசகர்கள் ஒரு ரப்பர் வளையத்தைச் சட்டென இழுத்து உடனே உதட்டில் வைத்துப் பார்க்கலாம், இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சற்று ஆறவிட்டு, பின் தளர்த்தி வைத்தாற் குளிரும். இங்கிலாந்தின் கெண்டல் நகரில் வாழ்ந்த ஜான் கஃப் என்பவர் இதைக் கண்டறிந்தார். அவரது கட்டுரை 1805இல் வெளியாயிற்று. குழந்தைப் பருவத்தில் அம்மையால் இரு கண்களையும் இழந்தவர் அவர். கண்ணுள்ளோர் காணாததை உதடு கண்டது.

1925இல் ஆலந்து நாட்டவரான காட்ஸ், இழுத்துப் பிடித்த ரப்பரினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தினார். தளர்ந்த ரப்பர் மங்கிய வளையத்தையே காட்டியது. இழுத்ததோ படிகங்களுக்குரிய தெளிந்த புள்ளிகளைக் காட்டியது. நெருக்கடியிற் சங்கிலிகள் அருகருகே நேராகி, அணிவகுத்துப் படிந்துவிட்டன! கங்காணியார் வென்றார் என்றுதான் அப்பக்கத்தைப் படித்தபோது நினைத்தேன்.

ஆனால் பச்சை ரப்பரை இழுத்தே வைத்திருந்தாற் சங்கிலிகள் நழுவிவிடும். அது பழைய நிலைக்கு முழுதும் மீளாது. 1839இல் அமெரிக்கரான குட்இயர் கந்தகத்தோடு சூடேற்றி அக்குறையைத் தீர்த்தார். கந்தகம் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே ஆங்காங்கே ஒரு முடிச்சுப் போடுகிறது. சிறிதளவு சேர்த்தால் நீண்டு மீளும் ரப்பர். நூற்றுக்கு முப்பது பங்களவு சேர்த்தாலோ எபனைட் என்னும் கட்டைப் பொருள். அதை எவ்வளவு வருத்தினாலும் சங்கிலிகள் அசைந்து அணிவகுக்க இடமில்லை. என் வகுப்பறையின் நிசப்தம் நினைவுக்கு வந்தது.

இதே கந்தக முடிச்சைப் புரதத்தில் ஆராய்ந்தவர் அமெரிக்கரான அன்ஃபின்சன். மாட்டின் கணையத்திலுள்ள ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதி, 124 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. நான்கு கந்தகக் கட்டுகள் உடையது. யூரியாவால் அதை விரித்து, கட்டுகளையும் அவிழ்த்துவிட்டார். இரண்டையும் நீக்கியதும் சங்கிலி பிறர் உதவியின்றித் தானே பழைய உருவிற்கு மடிந்து, தன் தொழிலைச் செய்தது. அடுத்த சோதனையில் யூரியா இருக்கும்போதே, அதாவது சங்கிலி மடியுமுன்பே, கட்டுகள் விழும்படி செய்தார். எட்டு முனைகள் இரண்டிரண்டாய் இணைய 105 வழிகள், சரியானது ஒன்றே. கண்டபடி கட்டுண்ட அப்புரதத்திற்குச் செயல் நூற்றில் ஒரு பங்களவே. பின்னர் யூரியாவை நீக்கி, கட்டவிழ்க்கும் மருந்தைத் துளியளவு சேர்த்தார். பிழையான முடிச்சுகள் அவிழ்ந்தவிழ்ந்து மாறிப் பிணைந்தன. சில மணி நேரத்தில் முழுச்செயலும் மீண்டது. 1972இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கட்டு வேண்டியதுதான், ஆயினும் உருவம் கட்டிலிருந்து வரவில்லை, சங்கிலியின் வரிசையிலிருந்தே வந்தது. காலம் தவறி விழுந்த கட்டோ அவ்வுருவைத் தடுத்தது.

இதைப் படித்த வாரம் என் தாயாரிடம் சென்று, வாளியிற் பால் உறைவது ஏனென்று என்னாலியன்றவரை விளக்கினேன். அவர்க்கு அப்பொழுது வயது எண்பத்தேழு, காது மந்தம். மழைநீர் என்ற சொல் மட்டும் விழுந்தது போலும்.

“மழை பெய்த நாளப்பா அது,” என்றார். “வாளி சுத்தமாகத்தான் இருந்தது.”

எந்த நாள் என்று நான் சொல்லவேயில்லை.