ஆரஞ்சு ஜூஸோடு நாலு பழைய பப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிப்பதில்லை. கொள்கை, கத்தரிக்காய் எல்லாம் ஒன்றுமில்லை. அந்த வாசனையே எனக்கு ஆகாது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். அப்படிப்பட்ட நான் போன வெள்ளிக்கிழமை லண்டனில் ஒரே சாயங்காலத்தில் நாலு பப்புக்குள் நுழைந்து வெளியே வந்தேன். அம்மாவிடம் "ஹிஸ்டரி டூர்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பொய் இல்லை. பாதி உண்மை :-)

கிளாஸில் நாங்கள் ஐந்து பேர். ஒருவனுடைய தாத்தா ரிட்டயர்டு சரித்திர வாத்தியார், அவர்தான் வழிகாட்டி. ஹோல்போர்னில் ஆரம்பித்து தேம்ஸைத் தாண்டி சதக்கில் முடிப்பதாகத் திட்டம். (எழுதுவது சவுத்வார்க், சொல்வது சதக். இந்த ஊர்க்காரர்கள் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் என்றைக்கோ சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள்.) "நடக்கத்தானே போறோம், நீ ஜூஸ் குடி" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் பப் ஹேட்டன் கார்டன் பக்கம். வைர வியாபாரம் நடக்கிற தெரு. நகைக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்து, எதிரே ஆள் வந்தால் உடம்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதற்குள் 'யீ ஓல்ட் மைட்டர்'. 'யீ' என்று படிக்கக் கூடாதாம். பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கு ஓர் எழுத்து இருந்தது, அது அச்சில் 'ஒய்' மாதிரி ஆகிவிட்டது. ஆகவே 'தி'தான். 1546-ல் ஈலி என்ற ஊரின் பிஷப், தன் லண்டன் அரண்மனை வேலைக்காரர்களுக்காக ஆரம்பித்த கடை. இப்போதிருக்கும் கட்டடம் 18ஆம் நூற்றாண்டு. உள்ளே ஒரு மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செர்ரி மரத்தின் அடிமரம் நிற்கிறது. பிஷப்பின் தோட்டத்துக்கும், ராணி முதலாம் எலிசபெத்தின் செல்லப்பிள்ளை கிறிஸ்டபர் ஹேட்டனின் நிலத்துக்கும் அது எல்லை. ராணி அதைச் சுற்றி ஆடினார் என்று கதை. கதைதான்.

எனக்கு ராணியெல்லாம் மனதில் ஏறவில்லை. கதவைத் திறக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதுதான் ஞாபகம் இருக்கிறது. குடிக்கிற இடத்துக்குள் நான் கால் வைத்ததே இல்லை. வாசல்வரை நிறைய தடவை போயிருக்கிறேன்.

எங்கள் ஊரில் அரசு மதுக்கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட பார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆனால் அம்மா என்னைத்தான் அனுப்புவார். "புளியமரத்துக்கு அந்தாண்ட போகாத. அங்கேருந்தே கூப்பிடு." அம்மா போனால் சண்டை வரும், சின்னப் பொண்ணு போனால் அப்பா மறுபேச்சில்லாமல் வந்துவிடுவார். நான் மரத்தடியில் நின்றுகொண்டு "அப்பா... அம்மா கூப்பிடுறாங்க" என்று கத்துவேன். உள்ளேயிருந்து யாராவது "அண்ணே, பாப்பா வந்திருக்கு" என்பார்கள். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். கையில் எனக்கென்று ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். தகரத்துக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. இதுதான் அந்த வாசனையின் கதை.

சரி, பப்புக்கு வருகிறேன். 'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொதுவீடு! மைட்டரில் உட்கார்ந்து பார்த்தால் பெயர் பொருத்தம்தான். சின்னச் சின்ன அறைகள், மரச்சுவர்கள். ஓர் அம்மா குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் யாரிடமிருந்தும் முகத்தை மறைக்கவில்லை.

அடுத்தது ஃப்ளீட் தெரு, 'செஷயர் சீஸ்'. 1666 தீ விபத்தில் எரிந்து, அடுத்த வருஷமே திரும்பக் கட்டியது. வாசலில் எந்தெந்த ராஜா ராணி காலத்தைக் கடை பார்த்தது என்று பட்டியலே இருக்கிறது. அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனின் வீடு பின்னால் கூப்பிடு தூரம். அவர் இங்கே உட்கார்ந்த நாற்காலி என்றெல்லாம் சொல்வார்கள், ஆனால் வந்ததற்கு எழுத்தில் சாட்சி இல்லை என்று தாத்தா சிரித்தார். சாட்சி இருப்பது ஒரு கிளிக்கு. பாலி என்ற அந்தக் கிளி 1926-ல் செத்தபோது பத்திரிகைகள் இரங்கல் செய்தி போட்டன. எதிர்வீட்டில் பத்திரிகை ஆபீஸ் இருந்தால் கிளிக்கும் மரியாதை!

இங்கே ஓர் அறை வாசலில், ஆண்களுக்கு மட்டுமே பரிமாறப்படும் என்று பழைய பலகை. இப்போது வெறும் அலங்காரம். ஆனால் இதே தெருவில் 'எல் வினோ' என்ற ஒயின் பாரில் பெண்கள் கவுன்ட்டரில் நின்று வாங்க முடியாது. பின்னறையில் உட்கார வேண்டும், மேசைக்கு வரும். ஒரு வக்கீல், ஒரு பத்திரிகையாளர், இரண்டு பெண்கள் வழக்குப் போட்டு, 1982-ல் அப்பீல் கோர்ட்டில் ஜெயித்தார்கள். 1982! இந்த ஊரைப் பற்றி நான் வைத்திருந்த மரியாதையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

மூன்றாவது 'பிளாக் ஃப்ரையர்'. ஆற்றோரம் ஆப்பு மாதிரி முக்கோணக் கட்டடம். கறுப்பு அங்கி போட்ட டொமினிக்கன் துறவிகளின் மடம் இருந்த இடம். 1905 வாக்கில் உள்ளே முழுக்கப் பளிங்கும் செப்புச் சிற்பங்களுமாக இழைத்திருக்கிறார்கள். எல்லாச் சிற்பத்திலும் கொழுகொழு துறவிகள் மீன் பிடிக்கிறார்கள், பாடுகிறார்கள். 1960-களில் இதை இடிக்கப் பார்த்தார்கள், கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னால் நின்று தடுத்தார். ஒரு சாராயக் கடையை இடிக்கக் கூடாது என்று ஒரு கவிஞர் போராடியிருக்கிறார். இதை அம்மாவிடம் எப்படி விளக்குவது?

இங்கேதான் என் சிக்கல் ஆரம்பம். இந்த ஊரில் 'ரவுண்டு' என்று ஒரு பழக்கம். ஒரு ரவுண்டு ஒருவர் எல்லோருக்கும் வாங்க வேண்டும், அடுத்தது இன்னொருவர். என் முறை வந்தது. "வேண்டாம், நீ குடிக்கலையே" என்றார்கள். இரண்டு ஜூஸை ஓசியில் குடித்துவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பது? எழுந்து போனேன். ஐந்து பீர், ஒரு ஆரஞ்சு ஜூஸ். வயதுக்கு ஐடி கேட்டார்கள். கார்டைத் தேய்த்தேன். பகுதி நேர வேலையில் நான் சம்பாதித்த காசு. அந்த கிளாஸ்களைத் தூக்கும்போது நுரை கையில் வழிந்தது. ஊரில் அப்பாவின் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிய அதே கை. கால் கொஞ்சம் நடுங்கியது. மேசையில் வைத்தேன். தாத்தா "தேங்க்யூ மை டியர்" என்று ஒரு கடலைப் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் பாத்ரூம் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பாலத்தைத் தாண்டி ஆற்றோரமாக நடந்து கடைசியாக 'ஜார்ஜ் இன்'. 1677-ல் கட்டியது. நம்மூர் சத்திரம் மாதிரி, முற்றமும் அதைப் பார்த்தபடி மாடித் தாழ்வாரங்களும். குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றம் அது. லண்டனில் இந்த மாதிரி மிச்சமிருப்பது இது ஒன்றுதான். முன்பு மற்ற பக்கங்களிலும் கட்டடம் இருந்தது, 19ஆம் நூற்றாண்டில் ரயில்வே கம்பெனி இடித்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவைத்தது. 1937 முதல் நேஷனல் டிரஸ்ட் கையில் இருக்கிறது.

முற்றத்தில் ஓர் அப்பா பீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏழெட்டு வயசுப் பெண் சிப்ஸ் தின்றபடி படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் பார்ப்பதைத் தாத்தா கவனித்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் இங்கேயும் அப்பாமார்கள் பிள்ளைகள் கையில் ஜாடியைக் கொடுத்து பீர் வாங்கிவர அனுப்புவார்களாம். வழியில் பிள்ளைகளே குடித்துவிடும் என்று 1901-ல் ஒரு சட்டம்: 14 வயதுக்குக் கீழே என்றால், மூடி முத்திரை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். 1908-ல் பிள்ளைகள் பாருக்குள்ளேயே வரக் கூடாது என்று இன்னொன்று. "அப்புறம் வாசலில் நின்றிருப்பார்கள்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ரவுண்டு வாங்கியது உட்பட. திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்பா குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது, பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார் போல, சத்தம் கேட்டது. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏன் பாப்பா, உள்ள எப்படி இருக்கும்? உக்கார சேர் கீர் எல்லாம் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்கம்மா. ஃபேன் கூட இருந்துச்சு."

"ம்..." என்றார். அப்புறம் சாப்பிட்டியா என்று கேட்டார்.