கோடு காட்டிய வழி

திருவண்ணாமலையில் வாழும் எங்கள் அத்தாவின் வலக்கை நடுங்கத் தொடங்கியபோது, மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தோம். குறையொன்றும் இல்லை என்றறிந்து மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியே பிழைக்கு வித்தாயிற்று. நடக்கையில் கால் தரையோடு ஒட்டியவர்போல் நின்றவரை, "நோய்தான் இல்லையே, நடந்தால் என்ன?" என்று கடிந்துகொண்டோம்.

பின்னரே நரம்பியல் மருத்துவர், அவர்தம் நடையையும் கையசைவையும் கண்டு, நடுக்குவாதம் என்றார். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரித்துரைத்த நோய் அது. மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது. வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் அவ்வழிவைப் பெரும்பாலும் காட்டாது. வேறு நோய் உண்டா என்று அறியவே மிகுதியும் உதவும். பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்த லெவோடோபாவே இன்றும் இதற்குத் தலையாய மருந்து.

மருந்தோடு துணையும் வேண்டும். வைகறைத் தொழுகை முடிந்து திரும்புகையில் ஒருநாள் தெருவில் நின்றுவிட்ட அத்தா, அண்டை வீட்டம்மையார் இட்ட கோலத்தின் கோட்டைக் கண்டதும் எளிதாகத் தாண்டி நடந்தார். கண்முன் கோடிருந்தால் அதைப் பற்றிக்கொண்டு கால் எழும் என்று மருத்துவர் விளக்கினார். அன்றே எங்கள் கூடத்தில் சுண்ணக்கட்டியால் கோடுகள் வரைந்தோம்.

மாணவச் செல்வங்களே, படத்தில் தெரியாத துன்பமும் துன்பமே. நாங்கள் கடிந்த சொற்களை அத்தா மறந்துவிட்டார், நாங்கள் மறக்கவில்லை.