கோடு விழாவிட்டால்

போன மாதம் அயல்வீட்டுத் தம்பி ஒரு பி.சி.ஆர். முடிவுத்தாளைக் கொண்டுவந்து நீட்டினார். தாவரநோய் ஆய்வுகூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. பார்த்தது அளவெட்டியில் எங்கள் வளவுக்குப் பின்னாலிருக்கும் இதரை வாழையின் இலை.

"முடிக்கொத்து வைரசு இல்லை, ஐயா. ஜெல்லில கோடு விழேல்லை."

"வாழையின்ர சொந்த மரபணுவுக்குக் கோடு விழுந்ததோ?"

அதைப் பார்க்கவில்லையாம். கிட்டில் அது இல்லையாம்.

கொரோனாவோடு பி.சி.ஆர். எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. மூக்குச் சளியும் வாழையிலையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். வாழைக்கயர் பட்ட வேட்டி வெளுக்காது என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கயர்தான் குழாய்க்குள் நொதியத்தின் கையைக் கட்டிப்போடுகிறது.

எனக்கு இதைப் படிப்பித்தவர் பேராதனைப் பக்கத்தில் நான் உதவியாளராயிருந்தபோது வாய்த்த சேர். காம்பில் கடும்பச்சைப் புள்ளியும் கீறும், ஒடுங்கி நிமிர்ந்த குருத்து: நோய் கண்ணுக்கே தெரிந்த இலை. மூன்று கிழமையாய்க் கோடு விழவில்லை. டி.என்.ஏ. போதாதாக்கும் என்று கூட்டிக் கூட்டி விட்டேன். சேர் எட்டிப் பார்த்து, "பத்திலொன்றாய்க் கரையும்" என்றார், அவ்வளவுதான். கரைத்தேன். கோடு பளிச்சென்று விழுந்தது. டி.என்.ஏ. குறைந்தபோது கயரும் குறைந்தது; நொதியத்துக்கு மூச்சு வந்தது. அதன்பிறகும் அவர் விடவில்லை. சி.டி.ஏ.பி. கரைசலில் பி.வி.பி. சேர்த்து, இலை கறுக்குமுன் குளிர்ந்த உரலில் அரைத்து, 65 பாகையில் வைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க அதையே செய்வித்தார். மெர்காப்டோஎதனோல் நாற்றத்துக்கு மனுசி என் சட்டையை வேலிக்கு அப்பால் காயப்போடுவா.

1913இலேயே இலங்கையில் பதிவான நோய் முடிக்கொத்து. 1940 அளவில் இங்கிருந்துதான் கேரளத்துக்குப் போனது. அழுக்கணவன் தோட்டத்துக்குத் தோட்டம்தான் காவும். கடல் தாண்ட வைப்பது மனிதர் தூக்கிப்போகும் வாழைக்குட்டி. தாய்க்கிழங்கில் வைரசு இருந்தால் குட்டி தப்பாது; வெளியே பார்க்க மட்டும் சுகமாய் நிற்கும். அதற்காகத்தானே எங்களிடம் இலையைத் தருகிறார்கள்?

இப்போது உரலும் இல்லை, நாற்றமும் இல்லை. பெட்டியை உடைத்தால் இரண்டு மணித்தியாலத்தில் முடிவு. கோடு விழாவிட்டால் "இல்லை" என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். வாழையின் கோடும் விழாத குழாய் எதையும் சொல்லவில்லை என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை.

மிச்சச் சாற்றைக் கரைத்துப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் பின்னேரம் தம்பி வந்து படலையடியிலேயே நின்றார். கோடு விழுந்திருந்தது. அந்த வாழையின் குட்டிகள் காலையிலேயே லான்ட்மாஸ்டரில் ஏறிப் போய்விட்டன.