சயாம் தண்டவாளம்

முன்பு சயாம் எனப்பட்ட தாய்லாந்தில், நோங் பிளாதுக் சந்திப்பில் பிரியும் இந்த ஒற்றை ரயில் பாதை, ஒருகாலத்தில் பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ஓடியது. கடல்வழி ஆபத்தானதால், பர்மா போர்முனைக்குத் தளவாடம் அனுப்ப ஜப்பானியப் படை போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு 1942இல் வேலையைத் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது.

காஞ்சனபுரி நிலையத்துக்கு அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 கைதிகள் அங்கே உறங்குகிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் உண்டு. பாதை நெடுக இறந்த கைதிகள் சுமார் 12,000. ஆசியத் தொழிலாளர்களோ 90,000 பேர் வரை என்கிறது மதிப்பீடு. அவர்களில் மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம். அவர்களுக்கு இப்படி வரிசைக் கற்கள் இல்லை.

குவாய் பாலத்தில் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு வாம்போ மரப்பாலம்தான் முக்கியம். பாறையை ஒட்டி மரக்கால்கள்மேல் ரயில் ஊர்ந்து போகிறது. சன்னலுக்குக் கீழே ஆறு.

நாம் டோக்கில் இன்றைய பாதை முடிகிறது. போர்க்காலத்தில் இது தா சாவ் முகாம். சற்றுத் தள்ளி சாய் யோக் நொய் அருவி. சுண்ணாம்புப் பாறையில் வழிந்து குட்டைகளாகத் தேங்குகிறது. தாய்லாந்துக் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிட, பிள்ளைகள் பாறையில் சறுக்கினார்கள். நானும் இறங்கி நீந்தினேன். உடல் சிலிர்க்கும் குளிர்ச்சி. 1943 மழைக்காலத்தில் இந்தக் காட்டின் தண்ணீர்தான் காலராவைப் பரப்பியது. கொதிக்கவைக்காத நீரைத் தொடாதே என்று கைதிகளை அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் கண்டித்து வைத்தார்கள். தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் அப்படிச் சொல்ல ஆளே இல்லை. தாகமெடுத்தவர்கள் ஓடையில் அள்ளிக் குடித்தார்கள்.

வடக்கே ஹெல்ஃபயர் பாஸ். சுத்தியலும் உளியும் வெடியும் கொண்டு, இரவில் தீவெளிச்சத்தில் வெட்டிய மலை. அதற்கப்பால் பாதையின் ஒரு பகுதி வஜிரலங்கோர்ன் அணை நீரில் மூழ்கிவிட்டது. மூன்று பகோடா கணவாய் தாண்டி, தன்பியூசயாட்டில் 3,000க்கு மேற்பட்ட கைதிகளின் கல்லறைகள்.

‘சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை’ என்று மலேசியத் தோட்டக் குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், என்ன பெயர் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். போனவர்களின் பிள்ளைகளுக்கே எண்பது வயது கடந்துவிட்டது.